கிட்னியை விற்றும் கடன் தீரவில்லை!

"என் உடம்பு, என் கிட்னி. நான் விற்கிறேன், உனக்கென்னய்யா?"

டீக்கடை பெஞ்சில் இப்படி மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. தடையை எடுத்தால் ஏழைக்குப் பணம், நோயாளிக்கு உயிர் என்று படித்த பெரிய மனிதர்களே பேசுகிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படுகிறது!

கிட்னிவாக்கம்

சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்றே பட்டப்பெயர். 1994–ல் மத்திய அரசு சட்டம் போட்டு உறுப்பு வியாபாரத்தைத் தடை செய்தது. புரோக்கர்கள் அசரவில்லை. சுனாமியில் வீடு வாசலைப் பறிகொடுத்து எர்ணாவூரில் குடியேறிய மீனவப் பெண்கள் பலர் கிட்னியை விற்ற சங்கதி 2007–ல் அம்பலமானது. 2025–ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள்.

ஆள்தான் மாறுகிறார்கள். காரணம் ஒன்றே: கடன்.

305 பேர் கதை

கிட்னி விற்ற 305 பேரை 2001–ல் சென்னையில் தேடிப்பிடித்து விசாரித்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். அமெரிக்க மருத்துவ சங்கப் பத்திரிகையில் மறு ஆண்டே விவரம் வந்தது. பெரும்பாலோர் பெண்கள்! "வீட்டுக்காரர் வேலைக்குப் போகணுமே" என்று மனைவி படுத்துக் கொள்கிறாள்.

100–க்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றார்கள். பேசிய தொகை சராசரி 1,410 டாலர். கையில் வந்தது 1,070. அன்றைய கணக்கில் சுமார் 50 ஆயிரம் ரூபாய். மீதி? புரோக்கரைத்தான் கேட்க வேண்டும்.

கடனாவது ஒழிந்ததா? கடனுக்காக விற்றவர்களில் 100–க்கு 74 பேர் விசாரணையின்போதும் கடனாளிகள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 86 பேருக்கு உடம்பு முன்போல இல்லை. மூட்டை தூக்கிப் பிழைப்பவனுக்கு உடம்புதானே முதல்? வட்டிக்காரன் பையில் போன பணத்துக்கு விலாவில் தழும்புதான் மிச்சம்.

ஈரானில் பணம் வாங்கிக்கொண்டு கிட்னி கொடுக்க சட்டமே இடம் தருகிறது. அங்கும் கொடுக்க வருகிறவன் ஏழைதான்.

சட்டத்தில் ஓட்டை

உறவினர் அல்லாதவரும் "பாசத்தின் பேரில்" கொடுக்கலாம் என்கிறது சட்டம். அதற்கென்று உள்ள கமிட்டி விசாரித்து அனுமதி தர வேண்டும். முன்பின் தெரியாத பணக்காரர் மேல் குடிசைவாசிக்குத் திடீர்ப் பாசம் பொங்குவது இப்படித்தான். என்ன பேச வேண்டும் என்று புரோக்கரே பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறான்.

2011 திருத்தத்தின்படி தண்டனை 5 முதல் 10 வருஷம் ஜெயில். 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். பணம் வாங்கியவருக்கும் அதே தண்டனை! அப்புறம் ஏமாந்தவள் எந்த தைரியத்தில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவாள்? விற்றவரை சாட்சியாக்கி, புரோக்கரையும் துணைபோன டாக்டரையும் கூண்டில் ஏற்றினால்தான் வழக்கு நிற்கும்.