வியாபாரி வாங்கிய காடு

அந்நியன் ஒருவன் கைநிறையப் பணத்துடன் வந்து ஒரு தேசத்தின் நிலத்தை ஏகமாக வாங்கத் தொடங்கினால், அத்தேசத்தார் அவனைச் சந்தேகிப்பது நியாயமேயாகும். கும்பெனியாரின் சரித்திரத்தை அறிந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, டக்ளஸ் டாம்ப்கின்ஸ் என்ற அமெரிக்கர் விஷயத்தில் சிலி தேசத்து ஜனங்கள் கொண்ட ஐயத்தை நாம் குறை கூறமாட்டோம்.

டாம்ப்கின்ஸ் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வியாபாரி. மலையேறுவோருக்கு வேண்டிய சாமான்களை விற்கும் 'நார்த் பேஸ்' கம்பெனியை 1960-களில் ஆரம்பித்தவர். பின்னர் 'எஸ்ப்ரி' என்ற ஆடைக் கம்பெனியினால் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஜனங்களுக்குத் தேவையற்ற பொருள்களை அவர்கள் தலையில் கட்டுவதே தம் தொழிலாகிவிட்டதென்று அவருக்கே வெறுப்புத் தட்டிற்று. 1990-ம் வருஷத்தையொட்டித் தம் பங்கை விற்றுவிட்டுச் சிலியின் தென்பகுதிக்குச் சென்று, மூவாயிரம் ஆண்டு வாழவல்ல அலெர்சே மரங்கள் நிற்கும் மழைக்காடுகளை வாங்கலானார். அவருடைய இரண்டாவது மனைவி கிறிஸ்டீனும் ஓர் ஆடைக் கம்பெனியின் தலைமைப் பதவியை உதறிவிட்டு இத்தொண்டில் சேர்ந்துகொண்டார்.

சிலியோ ஒடுங்கிய தேசம். டாம்ப்கின்ஸ் வாங்கிய நிலம் அர்ஜென்டினா எல்லையிலிருந்து பசிபிக் கடற்கரை வரையில் நீண்டது. தேசத்தை இரு கூறாக அறுக்க வந்தவர் என்றனர் சிலர்; ஒற்றர் என்றனர் வேறு சிலர்; அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார் என்ற வதந்தியும் உலவிற்று. நிலம் முழுவதும் தேசியப் பூங்காவாகி ஜனங்களையே சேரும் என்று அவர் சொன்னதை நம்பியவர் சிலரே.

2004-ல் சாக்கபுக்கோ பள்ளத்தாக்கின் பெரிய ஆட்டுப்பண்ணையை அத்தம்பதிகளின் ஸ்தாபனம் வாங்கியது. ஆடுகள் விற்கப்பட்டன. குவானகோ என்னும் காட்டு ஒட்டகவினமும் ஹுவேமுல் மானும் தடையின்றி உலவும்பொருட்டு, தொண்டர்கள் வந்து நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள கம்பிவேலியைப் பிடுங்கினார்கள். கைகளில் கொப்புளம் எழச் செய்த அந்தச் சேவையை நாம் மெச்சுகிறோம். எனினும் அந்த வேலியை நட்டவர்களும் உழைப்பாளிகளே அல்லவா? தங்கள் ஜீவனமே பெயர்த்தெடுக்கப்படுவதாக இடையர்கள் மனம் புழுங்கினர். டாம்ப்கின்ஸ் இல்லாத பாட்டகோனியா வேண்டுமென்று அவ்வட்டாரத்தார் கோஷம் எழுப்பினர். சில இடையர்கள் பூங்காவின் காவலர்களானது உண்மையே. ஆனால், முதலிலேயே அவர்களைக் கலந்து ஆலோசித்திருந்தால் பாதி விரோதம் எழுந்திராது என்பது நமது அபிப்பிராயம். தாம் நினைத்ததை உடனே முடிக்கும் முதலாளியின் பழக்கம், தொண்டு செய்ய வந்த இடத்திலும் அவரை விடவில்லை.

2015 டிசம்பர் 8-ந் தேதி, ஏரியில் படகு கவிழ்ந்து, குளிர்நீரில் விறைத்து அவர் மாண்டார், வயது 72. கிறிஸ்டீன் வேலையை நிறுத்தவில்லை. 2017-ல் ஜனாதிபதி மிச்செல் பாச்லெட்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, மறு வருஷமே சுமார் பத்து லட்சம் ஏக்கரைச் சிலி அரசாங்கத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் தன் பங்காகச் சுமார் தொண்ணூறு லட்சம் ஏக்கரைச் சேர்த்து, ஐந்து புதிய தேசியப் பூங்காக்களை ஏற்படுத்தியது. பழைய பூங்காக்களில் மூன்றை விஸ்தரித்தது. புதியவற்றுள் ஒன்றான புமலின் பூங்காவுக்கு, ஒரு காலத்தில் தேசத்தைத் துண்டாட வந்தவரென்று தூற்றப்பட்ட அந்த அமெரிக்கரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.