வாசலில் ஒரு சிங்கம்!

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட்டில், எட்வின் லேண்ட்சீர் வீட்டுக்குள் நுழையப்போகிறோம். விக்டோரியா மகாராணிக்கே நாய்களை வரைந்து கொடுத்த ஓவியர் அவர்!

ஒருநாள் விருந்து நடந்துகொண்டிருந்தபோது வேலைக்காரர் வந்து, "சிங்கம் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தீர்களா?" என்று கேட்டாராம், பால்காரர் வந்திருப்பதைச் சொல்வதுபோல! நண்பர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை இது. வந்திருந்தது, மிருகக்காட்சிசாலையில் செத்துப்போன நிஜச் சிங்கம்.

டிராஃபல்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணுக்கடியில் படுத்திருக்கும் நான்கு வெண்கலச் சிங்கங்களும் இவர் கைவேலைதான். 1858இல் வேலையை ஒப்படைத்தார்கள். சிங்கங்கள் சதுக்கத்துக்கு வந்தது 1867இல்! தூரிகை பிடித்த கை களிமண்ணைப் பிசையவேண்டுமே. மாதிரிக்காகக் கூடத்தில் கிடத்திய செத்த சிங்கமோ வேலை முடியும்வரை காத்திருக்கவில்லை, அழுகத் தொடங்கிவிட்டது. அந்த நாற்றத்திலும் விடாமல் பார்த்துப் பார்த்துச் செய்தாரே, அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு கும்பிடு போடலாம். பாதங்கள் நாயின் பாதங்கள்போல இருக்கின்றன என்று இன்றும் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்! வாழ்நாளெல்லாம் நாய்களோடு பழகிய கை அல்லவா?

ஆனால் எனக்கு உயிரானது அவருடைய ஒரு படம். 1841 கிறிஸ்துமஸுக்குக் கணவர் ஆல்பர்ட் அசந்துபோகும்படி ஒரு பரிசு தரவேண்டும் என்று ராணிக்கு ஆசை. ஜெர்மனியிலிருந்து ஆல்பர்ட்டோடு வந்த கறுப்பு கிரேஹவுண்ட் ஈயோஸை வரைய ஏற்பாடாயிற்று. படத்தில் அவருடைய தொப்பியும் கையுறைகளும் வேண்டுமே! அவர் கண்ணில் படாமல் அவற்றை எடுத்துப்போய், தேடுவதற்குள் திருப்பி வைக்கவேண்டும். அரண்மனைக்குள் என்ன ஒரு கள்ளத்தனம்! படத்தில் ஆல்பர்ட் இல்லை. தொப்பி இருக்கிறது, கையுறை இருக்கிறது, பளபளக்கும் மேனியோடு ஈயோஸ் நிமிர்ந்து நிற்கிறது. எஜமான் இதோ வந்துவிடுவார் என்று அதற்கு அவ்வளவு நிச்சயம்! அந்தக் கழுத்து வளைவைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு கையால் குதிரைத் தலை, மறு கையால் மான் தலை, இரண்டையும் ஒரே நேரத்தில் வரைந்து காட்டுவாராம்!

நியூஃபவுண்ட்லாந்து நாய்களில் கறுப்பும் வெள்ளையுமானவற்றை அவர் ஆசையாக வரைந்தார். அந்த நாய்களுக்கே பிறகு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எங்கோ ஒரு பூங்காவில் யாரோ "அது லேண்ட்சீர்" என்று சொல்ல, புசுபுசுவென்று ஒரு வால் ஆடிக்கொண்டிருக்கும்.