இரண்டே வாரத்தில் மாறிய குடல்!

பெருங்குடல் புற்றுநோய் அமெரிக்காவில் அதிகம். தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் மிகக் குறைவு. காரணம் சாப்பாடா?

இதை அறிய ஒரு சோதனை நடந்தது. முடிவு 2015-ல் வெளிவந்தது.

ஆப்பிரிக்க வம்சத்து அமெரிக்கர் 20 பேருக்கு மக்காச்சோளம், பயறு, காய்கறி என்று நார்ச்சத்து மிகுந்த கிராமத்துச் சாப்பாடு தரப்பட்டது. தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேருக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு.

இரண்டே வாரம்! அமெரிக்கர்களின் குடல் அழற்சி குறைந்தது. கிராமத்தாருக்கோ ஆபத்தின் அறிகுறிகள் கூடின!

நார்ச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டு, குடலைக் காக்கும் பொருளை உண்டாக்குகின்றன.

வளரும் நாடுகள் பலவற்றில் சாப்பாடு மாறி வருகிறது. இந்த நோயும் பெருகி வருகிறது. தானியம், பயறு, கீரையைக் கைவிடாதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டால், ‘மூலம்தானே’ என்று சும்மா இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.