லாரிக் கயிறு உயிர்க் கயிறு ஆகாது: மரமேற எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி பக்கம் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில வந்தா, சூளகிரி தாண்டி குருபரப்பள்ளி வரும். ஒரு பக்கம் சிப்காட், கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி. இன்னொரு பக்கம் மாந்தோப்பு, புளிய மரம். லீவு நாள்ல ஒரு பெரிய மரத்துல கயிறு போட்டு ஏறிப் பார்க்கலாம்னு ஆசைப்பட்டா, மரமும் பக்கத்துல இருக்கு, கயிறும் பக்கத்துல இருக்கு. சிக்கலே அங்கதான். தார்ப்பாய் கட்டுற கயிறு, கிரேன்ல போடுற பெல்ட் ஸ்லிங், ஃபேக்டரி சேஃப்டி பெல்ட் எல்லாம் இந்தப் பக்கம் சுலபமாக் கிடைக்கும். டன் கணக்குல பாரம் தாங்குற கயிறு, என் 70 கிலோவைத் தாங்காதான்னு தோணும்.

தாங்கலாம். ஆனா "தாங்கலாம்"னு நம்பி 12 மீட்டர் உயரத்துல தொங்க முடியாது. அதனால எந்தக் கயிறா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. இது எதுக்காகச் செஞ்சது? எவ்வளவு தாங்கும்னு யார் சோதிச்சாங்க? இதுவரைக்கும் இது என்னென்ன பட்டிருக்கு? மூணுக்கும் பதில் இருந்தாத்தான் அது உயிர்க் கயிறு.

"நைலான் கயிறு"ங்கிற பொதுப் பேர்

கடையில பளபளன்னு இருக்கிற எல்லாத்தையும் நாம நைலான் கயிறுன்னுதான் சொல்றோம். அதுல பாதிக்கு மேல நைலானே இல்லாம இருக்கலாம், பாலிபுரோப்பிலீனா இருக்கும். ஒரு துண்டை வாளித் தண்ணியில போடுங்க. பாலிபுரோப்பிலீன் மிதக்கும், நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிபுரோப்பிலீன் வெயில்ல சீக்கிரம் நைஞ்சு போகும், சுமார் 165 டிகிரியிலேயே உருகிடும். மரமேற்றத்துல கயிறு கயிறோட உரசிக்கிட்டேதான் இருக்கும். அந்தச் சூட்டுக்கு இது சரிப்படாது.

பழைய ஸ்லிங் விஷயம் இன்னும் மோசம். ஒரு ஃபேக்டரி அதை ஏன் கழிச்சுக் கட்டினாங்க? சோதனையில தேறலைன்னுதான் இருக்கும். பேட்டரி ஆசிட் பட்டிருந்தா, நைலான் வெளியில நல்லாத் தெரியும், உள்ளுக்குள்ள செத்திருக்கும். மூணாவது கேள்விக்குப் பதில் தெரியாத கயிறு ஓசியில கிடைச்சாலும் வேண்டாம்.

ராமநகரா கயிறு இங்க ஏன் சரிவராது?

பெங்களூரு நண்பர்களோட ராமநகராவுக்குப் போய்ப் பாறை ஏறுறவங்க கையில ஏற்கெனவே ஒரு நல்ல கயிறு இருக்கும். அது டைனமிக் கயிறு. பாறையில நீங்க விழுவீங்கன்னு எதிர்பார்த்தே அதைச் செய்றாங்க. விழும்போது ரப்பர் மாதிரி நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கும். இஎன் 892-ங்கிற ஐரோப்பியத் தரப்படி, 80 கிலோ சும்மாத் தொங்கினாலே அது 10 சதவீதம் வரை நீளலாம்.

மரத்துல கதை வேற. இங்க நீங்க கயிறைப் பிடிச்சு ஏறல, கயிறுலதான் உட்கார்ந்திருக்கீங்க. 15 மீட்டர் கயிறு 8 சதவீதம் நீண்டா 1.2 மீட்டர். ஒவ்வொரு எட்டுக்கும் யோ-யோ மாதிரி மேல கீழ ஆடுவீங்க, கயிறும் கிளையில அறுத்துக்கிட்டே இருக்கும். அதனால இங்க வேண்டியது நீட்சி குறைஞ்ச கயிறு. இஎன் 1891, டைப் ஏ-ன்னு கேளுங்க. இதோட நீட்சி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வலிமை 22 கிலோநியூட்டனுக்குக் குறையக் கூடாது. ஒரு கிலோநியூட்டன்னா சுமார் 100 கிலோ எடை. ஆக, 2,200 கிலோ. கயிறோட உள்ளுக்குள்ளேயே ஒரு மெல்லிய நாடா ஓடும். அதுல கம்பெனி பேர், தரம், தயாரிச்ச வருஷம் இருக்கும். நம்ம முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் அந்த நாடாவுலயே இருக்கு.

பருமன் 11-ல இருந்து 13 மில்லிமீட்டர். ஆரம்பிக்கிறவங்களுக்குத் தடிமன்தான் நல்லது, கைக்குப் பிடி கிடைக்கும். நீளம்? கயிறு கிளைக்கு மேல போய்த் திரும்பி வரணும். 15 மீட்டர்ல இருக்கிற கிளைக்கு 30 மீட்டர் போக, முடிச்சுக்கும் மிச்சத்துக்கும் சேர்த்து 35-லிருந்து 40 வாங்குங்க. கடைசி நுனியில ஒரு தடுப்பு முடிச்சு கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. நீட்சி குறைஞ்ச கயிறு விழுறதுக்கானது இல்ல. கயிறு தொளதொளன்னு இருக்கும்போது ரெண்டு மீட்டர் விழுந்தா, கயிறு அறாது, உங்க இடுப்புதான் வாங்கும். மரமேற்றத்தோட முதல் விதியே இதான்: கயிறு எப்பவும் உங்க தலைக்கு மேல, எப்பவும் இறுக்கமா.

முடிச்சா, ஸ்ப்ளைஸா?

கயிறு நுனியில ஒரு கண்ணி வேணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முடிச்சு போடுறது. எட்டு முடிச்சு போட்டா கயிறோட பலத்துல சுமார் கால் பங்கு குறையும். 22 கிலோநியூட்டன் கயிறுல அது பெரிய நஷ்டம் இல்ல. வெளியில இருந்து பார்த்தே சரியாப் போட்டிருக்கான்னு சொல்லிடலாம்.

இன்னொண்ணு, ஸ்ப்ளைஸ். நுனியைப் பிரிச்சு, கயிறோட உடம்புக்குள்ளேயே திருப்பிக் கோர்க்கிறது. பலம் முடிச்சைவிட அதிகம் மிஞ்சும், மெலிசா இருக்கும், சின்ன வளையத்துக்குள்ளயும் நுழையும். ஆனா எவ்வளவு நீளம் உள்ள போகணும், எப்படி மெலிஞ்சு முடியணும்னு ஒவ்வொரு கயிறுக்கும் தனிக் கணக்கு. தப்பு நடந்தா அது உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மூணு புரிக் கயிறுல கையால பின்னிப் பழகலாம்; செயற்கை நார் வழுக்கும்ங்கிறதால குறைஞ்சது அஞ்சு சுற்றாவது கோர்க்கணும். பழகினதை ஊஞ்சலுக்கோ, சாமான் ஏத்துறதுக்கோ வச்சுக்கங்க. உயிரை மாட்டுற கண்ணி, கம்பெனியே தச்சோ ஸ்ப்ளைஸ் பண்ணியோ சான்றோட தர்றதா இருக்கட்டும். இல்லையா, எட்டு முடிச்சே போதும்.

ஏறும்போது உங்களைப் பிடிச்சு நிறுத்துறது ஒரு உராய்வு முடிச்சு. பிளேக்ஸ் ஹிட்ச், புரூசிக்னு பல வகை உண்டு. இதுக்குத் தனியா ஒரு சின்னக் கயிறு வாங்கினா, பெரிய கயிறைவிட மெலிசா, சூடு தாங்குற அராமிட் நார் கலந்ததா வாங்குங்க. டைனீமா இரும்பு மாதிரி பலம்தான், ஆனா சுமார் 145 டிகிரியில உருக ஆரம்பிச்சிடும். வேகமா இறங்கினா அந்த இடத்துல சூடு எகிறும். அதனால உராய்வு முடிச்சுக்கு டைனீமா வேண்டாம்.

ஃபேக்டரி பெல்ட் பத்தி

நம்ம ஊர்ல உயரத்துல வேலை செய்றவங்க போடுற ஃபுல் பாடி ஹார்னஸுக்கு ஐஎஸ் 3521-னு இந்தியத் தரம் இருக்கு. நல்ல பொருள்தான். ஆனா அதோட முக்கிய வளையம் முதுகுல இருக்கும். விழுந்தவரைப் பிடிச்சு நிறுத்தத்தான் அது, உட்கார இல்ல. அதுல அசையாமத் தொங்கினா காலுக்குப் போன ரத்தம் திரும்பாம, கொஞ்ச நேரத்துலயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மரத்துக்கு இடுப்புக்கு முன்னாடி வளையம் இருக்கிற, தொடையைத் தாங்குற சிட் ஹார்னஸ் வேணும். அதுக்கு இஎன் 813-னு பாருங்க.

கராபினர்ல தானாப் பூட்டிக்கிற, மூணு அசைவுல திறக்கிற வகை எடுங்க. பலம் அதோட உடம்புலயே பொறிச்சிருக்கும். மலையேற்றக் கராபினருக்குக் குறைஞ்சபட்சம் நீளவாக்குல 20 கிலோநியூட்டன், குறுக்குவாக்குல வெறும் 7. அதனால பாரம் எப்பவும் நீளவாக்குல விழணும். ஹெல்மெட்ல தாடைப் பட்டி இல்லைன்னா, ஹெல்மெட் உங்களுக்கு முன்னாடி கீழ போயிடும்.

கடைசியா, கொம்பு

புளியங்கொம்பைப் பிடிச்சுட்டான்னு சும்மாவா சொன்னாங்க? புளிய மரக் கிளை வளையும், லேசுல ஒடியாது. முருங்கை படக்குன்னு முறியும். கயிறு போட 15 சென்டிமீட்டருக்குக் குறையாத, பச்சையான, பொந்தில்லாத கிளையா, அடிமரத்தை ஒட்டின இடமாப் பாருங்க. மெல்லிய எறிகயிறுல ஒரு சின்ன மணல் பையைக் கட்டி எறிஞ்சு, அது வழியா பெரிய கயிறை இழுக்கணும். அப்புறம் கீழ நின்னு ரெண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பாருங்க. கயிறோட ஒரு முனையை அடிமரத்துல கட்டி மறுமுனையில ஏறுனா, 80 கிலோ ஆளுக்குக் கிளை மேல கிட்டத்தட்ட 160 கிலோ விழும். ரெண்டு பக்கமும் இழுக்குதே! பட்டை உரியாம இருக்க கிளையில தோல் உறையோ, வளையம் வச்ச பட்டியோ போடுங்க. கயிறும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.

ரோட்டோர மரம் வேண்டாம். கரன்ட் கம்பி பக்கத்துலயே போகும். தோப்புக்காரர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. ஏறுறதுக்கு முன்னாடி மலைத்தேனீக் கூடு இருக்கான்னு அண்ணாந்து பாருங்க.

1983-ல அமெரிக்காவின் அட்லாண்டாவுல பீட்டர் ஜென்கின்ஸ் ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கி, மரம் பராமரிக்கிறவங்களோட கயிறு முறையைப் பொதுமக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம்ம ஊர்ல பனையேறிகளும் புளி உலுக்குறவங்களும் கயிறு இல்லாமலே ஏறுறாங்களேன்னு கேட்கலாம். அவங்க உடம்புல பல வருஷப் பழக்கம் இருக்கு. அப்பவும் விழுந்து அடிபடுறவங்க உண்டு. அந்தப் பழக்கம் நம்மகிட்ட இல்ல.

பட்ஜெட் குறைவா இருந்தா பை, கையுறை எல்லாம் பழசு வாங்கலாம். கயிறு, ஹார்னஸ், கராபினர் மூணும் புதுசு, பில்லோட. முதல் தடவை தெரிஞ்சவங்க ஒருத்தரோட, தரையில இருந்து ஒரு மீட்டர் உயரத்துல மட்டும். ஏறிப் பழகுறதுக்கு முன்னாடி இறங்கிப் பழகுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!