வைக்கோலில் எத்தனை யூனிட்?

தை மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் போனால், சம்பா அறுத்த வயலில் அறுவடை இயந்திரம் போன தடம் நெடுக வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். பின்னாலேயே டிராக்டரில் பூட்டிய கட்டு இயந்திரம் வந்து அதை வாரிச் சுருட்டி, உருளை உருளையாகத் தள்ளிவிட்டுப் போகும். இந்த வைக்கோலில் ஒரு வட்டாரத்துக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

கணக்கு விளைச்சலில் தொடங்குகிறது. ஒரு டன் நெல்லுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை வைக்கோல் விழும். குட்டை ரகங்களில் குறையும். அரைவை ஆலையில் அதே ஒரு டன் நெல்லிலிருந்து சுமார் 200 கிலோ உமி பிரியும்.

அடுத்தது கழித்தல். முதல் பங்கு மாட்டுக்கு. பிறகு காளான் வளர்ப்புக்கு, மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவதற்கு. உமியில் பெரும்பகுதி நெல் அவிக்கும் கொதிகலனுக்கே போய்விடும். வைக்கோல் மட்டுமல்ல, ராமநாதபுரத்துச் சீமைக் கருவேல விறகை எண்ணினாலும், கரிமூட்டம் போடுபவரின் பங்கை முதலில் கழிக்க வேண்டும். இத்தனையும் போக மிஞ்சுவதுதான் எரிபொருள்.

நன்றாகக் காய்ந்த ஒரு டன் வைக்கோலை எரித்தால், சிறிய அனல் நிலையத்தில் சுமார் 800 யூனிட் கிடைக்கும். அப்படியானால் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டு முழுதும் ஓட ஏறக்குறைய 11,000 டன் வேண்டும். ஈர வைக்கோல் என்றால் வெப்பத்தின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால், அந்த வைக்கோல் பல இடங்களில் நனைந்து வீணாகிறது. வைக்கோல் பாரம் குறைவு, இடம் அதிகம். தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தால் டீசல் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

இந்தியாவில் ஆண்டுக்கு வைக்கோல், உமி போன்ற உயிரிக்கழிவு சுமார் 75 கோடி டன் கிடைப்பதாகவும், அதில் உபரி சுமார் 23 கோடி டன் என்றும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்துக்காகச் செய்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த உபரியைக் கொண்டு சுமார் 28,000 மெகாவாட் நிலையங்களை நடத்தலாம். மொத்தக் கழிவில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏற்கெனவே வேறு தேவை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நிலையம் கட்டுவதற்கு முன் ஊர் ஊராகப் போய், மாடு வைத்திருப்பவரிடம் கேட்டு, இந்தக் கழித்தலைச் சரியாகச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டே கொதிகலனும் தொழுவமும் ஒரே வைக்கோலுக்குப் போட்டியிடும். விலை ஏறி, முதலில் அடிபடுவது மாடு வளர்ப்பவர்தான்.