கடல் புறாவும் என் மருமகளும்

என் பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். போனால் எட்டு மாசம் கழித்துத்தான் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் வந்து இறங்குவான். இந்தத் தடவை மருமகளுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு கிளம்பிவிட்டான். இப்போது பேரனுக்கு நாலு மாசம். அப்பா முகத்தை செல்போனில்தான் பார்த்திருக்கிறான்.

மத்தியானம் குழந்தை தூங்கினதும் மருமகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. பால் கொடுக்கிற உடம்பாச்சே! "வாம்மா, ஏதாவது கதை படிக்கலாம்" என்று பரணிலிருந்து நான் இறக்கியது சாண்டில்யனின் 'கடல் புறா'. மூன்று பாகம். குமுதத்தில் தொடராக வந்தபோது என் சித்தி பக்கம் பக்கமாகப் பிரித்து பைண்டு செய்து வைத்தது. பதினைந்து வயசில் மாடிப்படியில் உட்கார்ந்து, அம்மா கூப்பிடுவது காதில் விழாமல் படித்தவள் நான்.

கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான் சரித்திரத்தில் உள்ளவர்தான். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவர். அவர் நடத்திய கலிங்கப் போரைத்தான் செயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அவரைக் கடல் வீரனாக்கி, கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று இரண்டு காதலிகளையும் கொடுத்து, சீனக் கடற்கொள்ளைக்காரன், கப்பல் சண்டை என்று கதை போகிறது. காற்றையும் பாயையும் வைத்துச் செய்யும் தந்திரங்கள் இப்போதும் சுவைதான்.

ஆனால், சகோதரிகளே, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆபத்து வாசலில் நிற்கும்போதுகூட கதாநாயகியின் இடைக்கும் நடைக்கும் ஒரு பக்கம் போய்விடுகிறது. மருமகளுக்கு உரக்க வாசிக்கும்போது கூச்சம் பிடுங்கித் தின்றது. தாண்டித் தாண்டி வாசித்தேன். "என்ன அத்தே, பக்கத்தை விட்டுட்டீங்களா?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததே எனக்கு லாபம்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. ஒரு கப்பல் சண்டை படித்து முடித்ததும் கேட்டாள்: "ஏன் அத்தே, செத்துப்போற இந்த மாலுமிக்கெல்லாம் வீட்டுல பெண்டாட்டி பிள்ளை கிடையாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. கதாநாயகன் சாகமாட்டான் என்று நமக்குத் தெரியும். அதனால் கடலும் ஆபத்தும் வெறும் விளையாட்டாகிவிடுகிறது. கரையில் காத்திருப்பவளுக்கு அது விளையாட்டா? 2023 நவம்பர் 19-ம் தேதி செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பலைக் கடத்தினார்கள். அதிலிருந்த 25 பேரும் 2025 ஜனவரியில்தான் விடுதலையானார்கள். பதினாலு மாசம்! அதற்குப் பிறகு பல கப்பல்கள் அந்த வழியை விட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. என் பிள்ளையும் ஒரு தடவை அப்படிச் சுற்றி வந்தவன். அன்றிலிருந்து இந்த வீட்டில் 'செங்கடல்' என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்புறம் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' வாங்கினோம். 1977-ல் வந்த சின்ன நாவல். மணப்பாட்டு மீனவர் கதை. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் பகை, வெட்டு, குத்து எல்லாம் உண்டு. காதலும் உண்டு. பிலோமி சாமிதாஸை விரும்புகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அவள் அப்பா குரூஸ் மிக்கேலுக்கு வல்லத்தையும் வீட்டையும் விற்க மனசு வராது. இடை வர்ணனை இல்லை. கரையில் இருக்கும் பெண்களின் மனசுதான் கதையே. மருமகள் இரண்டே மத்தியானத்தில் முடித்துவிட்டாள். அழுதாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "ரசம் இருக்கா அத்தே?" என்று கேட்டுச் சாப்பிட்டாள்.

அன்று ராத்திரி போன் வந்தது. வழக்கமாக "நாங்க நல்லாயிருக்கோம்" என்று மழுப்புகிறவள், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன், "எனக்கும்தான்" என்றான். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

கடல் புறாவைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடவில்லை. துடைத்து, அந்துருண்டை போட்டு, மறுபடி பரணில் வைத்திருக்கிறேன். பேரனுக்குப் பதினைந்து வயசாகட்டும், அவனுக்குப் பிடிக்கும். கூடவே கடல்புரத்தில் நாவலையும் வைத்திருக்கிறேன்.