தரங்கம்பாடித் தேவாலயங்கள்: வரலாறும் கட்டட அமைப்பும்

தரங்கம்பாடியின் அரச வீதியில் சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம் என்னும் இரு சீர்திருத்தச் சபைக் கோயில்கள் உள்ளன. ஒரே ஊரில், பதினேழு ஆண்டு இடைவெளியில் இவ்விரண்டும் எழுந்தமைக்கான காரணத்தை அவற்றின் வரலாறும் அமைப்பும் தெளிவுபடுத்துகின்றன.

1. சீயோன் ஆலயம்

கி.பி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி டேனியர் இவ்வூரில் காலூன்றி, கடலையொட்டி டேன்சுபர்க் கோட்டையை எழுப்பினர். அவர்தம் வழிபாட்டிற்கென 1701இல் அமைந்ததே சீயோன் ஆலயம். 1706 சூலை 9இல் சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோர் வந்திறங்கினர். மறு ஆண்டு மே மாதம் டேனியரிடம் அடிமைகளாயிருந்த ஐவர் இவ்வாலயத்திலேயே திருமுழுக்குப் பெற்றனர். எனினும் இது ஐரோப்பியர்தம் ஆலயமாகவே விளங்கியது. தமிழிலும் போர்த்துகீசியத்திலும் வழிபாடு நடத்தத் தனியிடம் வேண்டியிருந்தது.

2. எருசலேம் ஆலயங்கள்

அத்தேவை கருதி எழுந்த சிறிய எருசலேம் ஆலயம் 1707 ஆகஸ்டு 14இல் திறக்கப்பெற்றது. பின்னர் 1717 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11இல் அர்ப்பணிக்கப்பெற்றது. அதன் முகப்பில் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் பெயர்ப்பொறிப்பும் மணிமுடியும் 1718 என்னும் ஆண்டும் காணப்பெறுகின்றன.

இதன் தரையமைப்பு சிலுவை வடிவினது. நீண்ட ஒற்றை மண்டபமாயின் பின்னிருப்போர்க்குப் போதகர் தொலைவிலிருப்பார். சிலுவை வடிவிலோ நான்கு சிறகுகளும் நடுவிடத்தை நோக்கி அமைகின்றன. திருமறை உரையைக் கேட்பதே வழிபாட்டின் மையமெனக் கொண்ட சபைக்கு இவ்வமைப்பு ஏற்றதாகும். அதே வேளையில், கூட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து அமர்த்தவும் இது இடந்தருகிறது. 18ஆம் நூற்றாண்டில் இச்சபையார் சாதி வேறுபாட்டின்படித் தனித்தனியே அமர்ந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒரே உரையைக் கேட்டோர் ஓரிடத்தில் அமரவில்லை.

1719இல் மறைந்த சீகன்பால்கும், 1720இல் மறைந்த கிரண்ட்லரும் இவ்வாலயத்தினுள் பலிபீடத்தருகே அடக்கம் செய்யப்பெற்றனர். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றுச் சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியப் போதகரானதும் தரங்கம்பாடியிலேயே ஆகும்.

3. கடலும் கட்டடங்களும்

1845இல் இவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பெற்றது. கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துச் சென்றது. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் இவ்வூரைத் தாக்கியது. இவற்றுக்கிடையே இரு ஆலயங்களும் இன்றும் வழிபாட்டில் உள்ளன.

ஆளவந்தோரின் சபையும் மண்ணின் மக்களது சபையும் பிரிந்து நின்றதை இரு கட்டடங்கள் காட்டுகின்றன. மக்களது சபைக்குள்ளேயே நிலவிய பிரிவை ஒரு கட்டடத்தின் இருக்கைமுறை காட்டுகிறது. எனவே இவ்வாலயங்களைச் சமய வரலாற்றுச் சின்னங்களாக மட்டுமன்றிச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகவும் கொள்ளல் வேண்டும்.